ஓனன் க்யூஜி 4000: பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகுமா?

ஓனன் க்யூஜி 4000, அமெரிக்க மோட்டார்ஹோம்களில் (தங்கும் வசதியுள்ள வண்டிகளில்) பரவலாக இருக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர், கம்மின்ஸ் தயாரிப்பு. வழக்கமான பராமரிப்பைப் பொறுத்தவரை சிக்கனமானது. தனி ஆயில் ஃபில்டர் கிடையாது. சுமார் ஒன்றரை லிட்டர் ஆயில் போதும். முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஒருமுறையும், பிறகு 150 மணி நேரத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்கணும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சியில்) உள்ள கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆயில் நுரைத்துச் சூடேறும். கூடவே ஏர் ஃபில்டரையும் மாற்றிவிடலாம். ஸ்பார்க் பிளக் 450 மணி நேரம் வரை தாங்கும். நீங்களே செய்தால் பெரிய செலவில்லாமல் முடிந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கூலிதான் அதிகம், பல மடங்கு ஆகும்.

உண்மையில் பர்ஸைக் காலி பண்ணுவது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். ஓடாமல் கிடந்தால் பழைய பெட்ரோல் பிசினாகி அதன் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளையை) அடைத்துக்கொள்ளும். எஞ்சின் வேகம் ஏறி இறங்கித் தடுமாறுகிறதா? முதலில் அங்கேதான் பாருங்கள். புதுசு மாற்றினால் சில நூறு டாலர். தடுக்க, மாதம் 2 மணி நேரம் பாதி லோடில், அதாவது 2000 வாட் அளவில் ஓட்டுங்கள். கூரை ஏசியோடு ஒரு சின்ன உபகரணத்தையும் போட்டால் சரியாக வரும். லோடே இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுவது வீண். நிறுத்தி வைக்கும் முன் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை போகும்படி கொஞ்ச நேரம் ஓட்டணும்.

ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் வண்டியின் பெட்ரோல் டேங்க்கைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கால் டேங்க்குக்குக் கீழே ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் போகாது.