கண்டறியும் கருவியா, அம்மாயியின் பெட்டியா?

விடுமுறைக்கு இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் வரும் உறவினர் சிலர், பழைய காசு தேடி, உலோகம் கண்டறியும் கருவியோடு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயங்களைச் சுற்றி நடக்க ஆசைப்படுகின்றனர். ஆனால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் தேடி மண்ணைத் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதோடு, மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் காணிக்காரருக்கன்றி அரசுக்கே உரியது. கிடைப்பதும் பெரும்பாலும் துருவேறிய தகரமும் ஆணியுமே.

அம்மாயி, அதாவது பாட்டி, போன்ற வீட்டுப் பெரியவர்களின் தகரப்பெட்டியைத் திறக்கச் சொல்வதே மேல். தேயிலைக்கு முந்திய காப்பிக் கம்பனிகள் தொழிலாளருக்குக் கொடுத்த அடையாளக் காசு அகப்படுவது அரிதுதான் என்றாலும், விக்டோரியாவின் தலை பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதமோ, மூலை மழுங்கிய சதுர ஐந்து சதமோ இருக்கக்கூடும். அது யார் யார் கைமாறி வந்தது என்பதையும் அம்மாயி சொல்லிவிடுவார், கருவியோ ஒலியெழுப்புவதோடு நின்றுவிடும். அவர் காசைப் புளி போட்டுத் தேய்க்க மட்டும் விடக்கூடாது.