யுனிவர்சல் டிராவல் அடாப்டர்: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

தள்ளினால் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பின்கள் வெளிவரும் இந்த வகை அடாப்டர், போன், லேப்டாப் சார்ஜர்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இது மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும்தான், வோல்டேஜை அல்ல. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. சார்ஜரில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 120 வோல்ட் மட்டுமே தாங்கும் ஹேர் டிரையரை 230-இல் செருகினால், மூன்றரை மடங்குக்கும் மேல் சக்தியை இழுத்துக் கருகிவிடும்.

பெரிய குறை எர்த், அதாவது மின்கசிவைத் தரைக்குக் கடத்தும் பாதுகாப்பு இணைப்பு. பெரும்பாலானவற்றில் அந்த இணைப்பே கிடையாது. பிரிட்டிஷ் பக்கத்தின் நீளமான பின் வெறும் பிளாஸ்டிக், சாக்கெட்டின் உள்மூடியைத் திறக்க மட்டுமே உதவும். எர்த் தேவைப்படும் உலோக உடல் சாதனங்களை இதில் செருகவே வேண்டாம்.

கழற்றி மாற்றக்கூடிய ஃப்யூஸும் ஒரு உதிரியும் உள்ளதையே வாங்குங்கள். டைப்-சி போர்ட்டில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், பக்கத்தில் இன்னொரு போனைச் செருகியதும் அது பங்காகும். லேப்டாப் மெதுவாகத்தான் ஏறும். எடையும் கொஞ்சம் அதிகம். தளர்ந்த சுவர் சாக்கெட்டில் தொங்கினால் தொடர்பு விட்டுவிட்டுப் பட்டு பின்கள் சூடாகும். அப்படி ஆடினால் உடனே வேறு சாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.