விசில் குக்கரா, எலக்ட்ரிக் குக்கரா? ஜோபர்க் அடுப்படிக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க் என்கிற ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியா பகுதிக்குக் குடிவந்த புதிதில், சுகர் பீன்ஸ் என்ற புள்ளிபோட்ட காய்ந்த பீன்ஸை இரவெல்லாம் ஊறவைத்து மறுநாள் திறந்த சட்டியில் இரண்டரை மணி நேரம் வேகவைத்தேன். தோல் வெடித்ததே தவிர உள்ளே மாவாகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர். சட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இந்த ஊர்ல தண்ணி கொதிக்கிற மாதிரி நடிக்கும். குக்கர் வாங்கு."

ஜோபர்க் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் மேலே இருக்கிறது. கடலோர டர்பனில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 94-லேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகம் போகும், சூடு ஏறாது. ஆக, குக்கர் கட்டாயம். எந்தக் குக்கர்?

நான் முதலில் வாங்கியது எலக்ட்ரிக், ஆறு லிட்டர். பயந்தவனுக்கு ஏற்ற பொருள். பட்டனைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போகலாம். ஆட்டுக்குடல் கறிக்கு இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் சமையல் கற்றுக்கொள்ள அது உதவவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று காதுக்கும் மூக்குக்கும் தெரியாது. வெங்காயம், தக்காளி மசாலாவைக் கெட்டியாக விட்டு மூடினால் அடிப்பிடிக்கிறது என்று திரையில் திட்டும். அழுத்தமும் பொதுவாக விசில் குக்கரைவிடக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் கரண்ட். 2023-ல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது, அட்டவணையைப் பார்த்துத்தான் அரிசியே களைவோம். ஆயிரம் வாட் குக்கரை எங்கள் வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் நிம்மதியாக இருந்தோம். 2025 ஜனவரி 31 அன்று மின்வெட்டு திரும்ப வந்தது. அன்று என் பருப்பு பாதி வெந்த நிலையில், பூட்டிய மூடிக்குள் உட்கார்ந்திருந்தது.

விசில் குக்கருக்கு ஒன்பது கிலோ கேஸ் சிலிண்டரும் ரெண்டு பர்னர் அடுப்பும் போதும். வெயிட் தூக்கும் அழுத்தத்தில் உள்ளே, இந்த உயரத்திலும், 117 டிகிரி போல வரும். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் இது. மூடுமுன் ஆவிக்குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக வானம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் துவரம்பருப்புத் தோல் ஒன்று உள்ளே ஒட்டியிருக்கும். பருப்பு, பீன்ஸ் என்றால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை அடங்க ஒரு சொட்டு எண்ணெய். ஆவி நேராகச் சீறி வந்த பிறகுதான் வெயிட் போட வேண்டும். புளியும் தக்காளியும் பீன்ஸ் வெந்த பிறகே, முன்னாலேயே போட்டால் அது வேகாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

முதல் மாதம் ஒவ்வொரு விசிலுக்கும் துள்ளினேன். இப்போது சத்தம் கொஞ்சம் வறண்டு, இழுத்துக்கொண்டு வந்தாலே தண்ணீர் குறைவு என்று புரிகிறது. குறை என்றால் கேஸ்கெட்தான். ரப்பர் தளர்ந்ததும் ஓரத்தில் ஆவி கசிய ஆரம்பிக்கும், மாற்றாமல் வேறு வழியில்லை.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2008-ல் சாரா காலின்ஸ் இந்த நாட்டில் உருவாக்கிய வொண்டர்பேக். கொதிக்கும் சட்டியை அந்தப் பஞ்சுப்பைக்குள் வைத்துக் கட்டினால், தீயில்லாமல் மணிக்கணக்கில் வேகும். அக்கா வீட்டில் பிரியாணி அதில்தான் தம். ஆனால் சுகர் பீன்ஸ், ராஜ்மா இரண்டையும் நன்றாகக் கொதிக்கவிடாமல் உள்ளே வைக்காதீர்கள். குறைந்த சூட்டில் அவற்றின் நச்சு போகாது, வயிற்றைக் கலக்கிவிடும்.

புதிதாகக் கற்பவர் கேட்டால் விசில் குக்கரைத்தான் சொல்வேன், மூன்று லிட்டர் போதும். எலக்ட்ரிக் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

போன டிசம்பரில் அதே குக்கரைக் காரில் போட்டுக்கொண்டு டர்பன் போனோம். கடலோரம், உள்ளே 120 டிகிரி. நான் பழக்கத்தில் ஜோபர்க் கணக்குப்படி விசில் எண்ணிவிட்டேன். திறந்தால் பன்னி சோவுக்கு (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பும் டர்பன் சாப்பாடு) வைத்த பீன்ஸ் களியாகக் குழைந்து கிடந்தது. "சரி விடு, ரொட்டியில தடவிச் சாப்பிடலாம்," என்றார் அக்கா.