வெளிநாட்டு ஷூட்டிங்: "பர்மிஷன் வாங்கியாச்சு" என்று வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவை நம்பாதீர்கள்

வெளிநாட்டில் ஷூட்டிங் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று வரும் ஏஜென்ட்களிடம் யூனிட்டுகள் ஏமாறும் விதம் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. கொட்டேஷன் மற்றவர்களைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். விசா, லொகேஷன், வண்டி, ஹோட்டல், லைட் எல்லாம் சேர்த்து ஒரே தொகை; எதற்கு எவ்வளவு என்ற பிரிவே இருக்காது. பிறகு, சீல் குத்திய ஒரு தாளின் போட்டோ வரும். அதை நம்பி டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

முதல் நாள் காலை, கேமரா நகர்வதற்கான டிராக் போட்டு முடிக்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு காவலர் வந்து தாளைக் கேட்பார். அப்போதுதான் தெரியவரும், அது அனுமதியே இல்லை, விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ரசீது. நடிகர் மேக்கப்போடு உட்கார்ந்திருப்பார். ஏஜென்ட் ஓரமாகப் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து ஒரு தொகை சொல்வார். ரொக்கம்தான், பில் கிடையாது. கால்ஷீட் வீணாகிறதே என்ற பதற்றத்தில் கொடுத்துவிடுவார்கள். ஏஜென்ட்டின் முதலீடே அந்தப் பதற்றம்தான். மறுநாள் வேறு லொகேஷனில் இதே நாடகம் நடக்கும்.

ஆகவே போட்டோவை ஒதுக்கிவிட்டு முழு பிடிஎஃப் கேளுங்கள். உண்மையான அனுமதிக் கடிதத்தில் கடித எண், படத்தின் பெயர், தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், எந்தத் தெருவில் எந்தப் பகுதி, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், டிராக்கும் கிரேனும் ஜெனரேட்டரும் உண்டா இல்லையா என்பதெல்லாம் இருக்கும். கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்கு மட்டும் வாங்கிய அனுமதியை வைத்து டிராக் போட்டால், கடிதம் அசலாகவே இருந்தாலும் நிறுத்துவார்கள். தேதி வரியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துரு மற்ற வரிகளோடு ஒட்டாமல் இருந்தால், வேறொரு படத்துக்கு வாங்கிய பழைய கடிதத்தைத் திருத்தியிருக்கலாம். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். அந்த அலுவலகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, கடித எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உள்ளூர் மொழியில் இருந்தால் ஏஜென்ட் தரும் மொழிபெயர்ப்பு போதாது, நீங்களே தனியாக ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கடைக்குள் எடுக்கலாம், அவ்வளவுதான். வாசலில் உள்ள நடைபாதைக்கு நகராட்சி, போக்குவரத்தை நிறுத்துவதற்குப் போலீஸ் என்று வேறு வேறு ஆட்கள். "நின்று எடுக்கலாம்" என்பதும் "எடுத்ததை உலகம் முழுக்க, எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்தலாம்" என்பதும் ஒன்றல்ல. ஈஃபில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் காட்சியில் இந்தச் சிக்கல் இல்லை. இரவு விளக்கலங்காரத்துக்குப் பதிப்புரிமை இருப்பதால் வணிகப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். லொகேஷன் ரிலீஸில், அதாவது இடத்தை எடுக்கவும் பயன்படுத்தவும் உரிமையாளர் எழுதித் தரும் சம்மதத்தில், இந்த வரி விடுபட்டால் ஷூட்டிங்கின்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். படத்தை விற்கப்போகும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்பார். அதற்குள் ஏஜென்ட்டின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

"டூரிஸ்ட் விசாவில் வாங்க, கேமராவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பது அடுத்த ஆபத்து. திருப்பி அனுப்பப்படுவது ஏஜென்ட் அல்ல, உங்கள் ஆள். மறுமுறை விசா கேட்கும்போதும் அந்தப் பதிவு கூடவே வரும். விதி நாட்டுக்கு நாடு வேறு. வெளிநாட்டு நிறுவனம் சம்பளம் தரும் குழு லொகேஷன் ஷூட்டிங்குக்கு மட்டும் வந்தால் பிரிட்டனின் விசிட்டர் விதியே இடம் கொடுக்கிறது. அமெரிக்காவின் 'ஐ' விசா செய்தி, ஆவணப்படம் போன்ற வேலைகளுக்குத்தான். கதைப்படத்துக்கு அது செல்லாது. தாய்லாந்தில் அங்கே பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் வெளிநாட்டுப் படக்குழு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ஏஜென்ட்டுக்கு அந்தப் பதிவு இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கருவிகள் விஷயத்தில்தான் அதிகப் பணம் போகிறது. ஏடிஏ கார்னெட் என்பது கருவிகளை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணப் புத்தகம். அதை ஏற்கும் நாடு என்றால் வேறு வழியே யோசிக்காதீர்கள். உங்கள் நாட்டில் அதை வழங்கும் வர்த்தக சபையிடம் வாங்க வேண்டும், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஒவ்வொரு கேமரா பாடிக்கும் லென்ஸுக்கும் சீரியல் எண், எடை, மதிப்பு எழுத வேண்டும். வழங்கிய பிறகு பட்டியலில் எதையும் சேர்க்க முடியாது. கடைசி நேரத்தில் ஒரு 50 எம்எம் லென்ஸுக்குப் பதில் அதே மாடலில் இன்னொன்றை எடுத்துப் போனால் சீரியல் எண் இடிக்கும். தீர்ந்துபோகும் பொருட்களான டேப், லைட்டுக்கு முன்னால் மாட்டும் ஜெல் தாள் எல்லாம் கார்னெட்டில் வராது. புறப்படும்போது, அங்கே நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, திரும்பி வந்து சேரும்போது என்று நான்கு சீல். களைப்பில் சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான கிரீன் சேனல் வழியே நேராக வெளியே வந்துவிட்டால் ஒரு சீல் போச்சு. புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையில் வெளியேறிய சீல் இல்லையென்றால், கருவி அங்கேயே இருப்பதாகக் கணக்கு. கார்னெட் காலாவதியாகி ஓராண்டு வரை அந்த நாட்டுச் சுங்கத்துறை வரி கேட்டு வரலாம்.

கார்னெட் செல்லாத நாட்டில் ஏஜென்ட் தன் கம்பெனி பெயரில் தற்காலிக இறக்குமதி பாண்ட், அதாவது கருவி திரும்பிப் போய்விடும் என்று சுங்கத்துறைக்குத் தரும் உத்தரவாதம், போட்டுத் தருவார். வசதியாகத்தான் தெரியும். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் கேமரா வெளியே வரும். கடைசி நாள் "கூடுதல் செலவு" பில் வருவது அதனால்தான். பாண்டை உங்கள் பெயரிலோ தனியான சுங்க முகவர் வழியாகவோ போடுங்கள்.

"குட்டி ட்ரோன்தானே, 250 கிராமுக்குக் கீழே, எதுவும் வேண்டாம்" என்பார்கள். ஐரோப்பிய யூனியனில் கேமரா பொருத்திய ட்ரோன் என்றால், பொம்மை ரகம் தவிர, எடை குறைவாக இருந்தாலும் இயக்குபவர் பதிவு செய்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் சான்றிதழ் காட்டினால் அதில் யார் பெயர், எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுக் கம்பெனிக்கே மெயில் போடுங்கள்.

கடைசித் தூண்டில் அரசு திருப்பித் தரும் ஊக்கத்தொகை. "செலவில் 30 சதவீதம் திரும்ப வரும்" என்று சொல்லித்தான் பில்லை ஏற்றுவார்கள். பெரும்பாலான திட்டங்களில் ஷூட்டிங் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்; குறைந்தபட்சச் செலவு வரம்பு இருக்கும்; அந்த நாட்டில் செய்த தகுதியுள்ள செலவு மட்டும், கணக்குத் தணிக்கை முடிந்த பிறகுதான் சேரும். காவலருக்கு என்று வாங்கிய ரொக்கம் அதில் ஒரு பைசாகூடச் சேராது. பணம் பல இடங்களில் உள்ளூர் கம்பெனியின் கணக்கில்தான் விழும். அதை எத்தனை நாளுக்குள் உங்களுக்கு மாற்ற வேண்டும் என்று முன்பணம் அனுப்புவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முன்பணமும் கம்பெனிக் கணக்குக்கு மட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அடுத்த தவணை, அனுமதி தரும் அலுவலகமே அதை உறுதி செய்த பிறகு.