கோ நிரல்மொழி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எந்த நிரல்மொழி சிறந்தது என்ற பேச்சு எழுந்துவிட்டால் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும் என்பது இத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்ததே. ஜாவாவில் ஊறியவருக்குப் பைத்தான் கட்டுப்பாடற்றதாகத் தெரியும். பைத்தானில் பழகியவருக்கு ஜாவா வளவளவென்று தெரியும். ரஸ்ட் கற்றவருக்கு மற்றவை எல்லாமே ஆபத்தானவையாகத் தெரியும். நானும் பல ஆண்டுகள் இந்த வாதங்களில் ஒரு பக்கம் நின்று தீவிரமாகப் பேசியவன். கடந்த ஆறு ஆண்டுகளாகச் சர்வர் பக்க வேலைகளுக்குக் கோ மொழியை அன்றாடம் பயன்படுத்திய பிறகு, ஒரு மொழி எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எத்தனை வசதிகளைத் தருகிறது என்பவற்றைவிட, ஒரு குழுவுக்குள் எத்தனை வாதங்களை அது தேவையற்றதாக்குகிறது என்பதே முக்கியமான அளவுகோல் என்று கருதத் தொடங்கியிருக்கிறேன். அந்த அளவுகோலைக் கொண்டே இம்மொழியை இங்கு மதிப்பிடுகிறேன்.

கோ மொழியின் குணத்தைப் புரிந்துகொள்ள அது பிறந்த சூழலை அறிந்திருப்பது உதவும். கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007ஆம் ஆண்டில் இதை வடிவமைக்கத் தொடங்கினர். அப்போது ராப் பைக் திருத்திக்கொண்டிருந்த பெரிய சி பிளஸ் பிளஸ் நிரல், பல கணினிகளில் பகிர்ந்து கம்பைல் (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுதல்) செய்யப்பட்டும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 45 நிமிடங்களை எடுத்துக்கொண்டது என்பதை அவரே பதிவுசெய்திருக்கிறார். அந்தக் காத்திருப்பின் எரிச்சல் மொழியின் ஒவ்வொரு முடிவிலும் தெரிகிறது. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியிலேயே மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் 32 இருக்க, கோ மொழியில் 25தான் உள்ளன. பயன்படுத்தாத ஒரு பேக்கேஜை (ஆயத்த நிரல் தொகுப்பை) இம்போர்ட் செய்துவிட்டால், எச்சரிக்கையோடு விட்டுவிடாமல் கம்பைல் செய்யவே மறுத்துவிடுகிறது. தொடக்கத்தில் இது எனக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலும் சில நொடிகளில் கம்பைல் ஆவதைப் பார்த்த பிறகு, அந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கியது.

இம்மொழியின் தலைசிறந்த அம்சம் எது என்று கேட்டால், மொழிக்கு வெளியே உள்ள ஒரு சிறு கருவியைத்தான் சொல்வேன். கோஃபம்ட் என்ற அந்தக் கருவி, எழுதிய நிரலை ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றித் தந்துவிடுகிறது. விருப்பத்துக்கேற்ப அந்த வடிவத்தை மாற்றிக்கொள்ள அதில் இடமே இல்லை. இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அதற்கு முன்பு பட்ட பாட்டை நினைத்தால்தான் உணர முடியும். நான் முன்பு பணிபுரிந்த ஒரு குழுவில், சுமார் நாற்பது வரிகள் கொண்ட மாற்றம் ஒன்று பரிசீலனைக்கு வந்தது. அடைப்புக்குறி அதே வரியில் வரவேண்டுமா அடுத்த வரியில் வரவேண்டுமா, வரியை உள்தள்ள டேப் பயன்படுத்துவதா ஸ்பேஸ் பயன்படுத்துவதா என்று மூன்று நாட்கள் எழுதித் தள்ளினோம். அந்த நாற்பது வரிகளுக்குள், பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செயல்படும் லூப் ஒன்று கடைசிப் பதிவைத் தொடாமலேயே முடிந்துவிடும் பிழை இருந்தது. அது எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாற்றம் பயன்பாட்டுக்குப் போன பிறகு கணக்கு உதைத்தபோதுதான் தெரிந்தது. கோ மொழியில் அந்த விவாதத்துக்கு வழியே கிடையாது. உள்தள்ளலுக்கு டேப் என்று கருவி முடிவுசெய்துவிட்டது. திறக்கும் அடைப்புக்குறியின் இடத்தையோ மொழியின் இலக்கணமே தீர்மானித்துவிடுகிறது: வரியின் முடிவில் செமிகோலனைக் கம்பைலரே சேர்த்துக்கொள்வதால், ‘இஃப்’ என்ற நிபந்தனை வரியின் அடைப்புக்குறியை அடுத்த வரிக்குத் தள்ளினால் நிரல் கம்பைல் ஆகாது. இன்று பல மொழிகளுக்கு இத்தகைய வடிவமைப்புக் கருவிகள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் மொழியோடு சேர்த்தே அதைக் கொடுத்து, தொடக்கத்திலிருந்தே அனைவரையும் ஒரே வடிவத்தில் எழுதப் பழக்கியதில் கோ மொழிக்குத் தனி இடம் உண்டு.

ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்விக்கும் கோரூட்டின்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1978இல் முன்வைத்த கருத்துகளிலிருந்து கிளைத்த இந்த ஏற்பாட்டில், ஒரு கோரூட்டின் சுமார் 2 கிலோபைட் அடுக்கு நினைவகத்துடன் தொடங்குவதால், சாதாரணக் கணினியிலும் ஆயிரக்கணக்கில் அவற்றை அச்சமின்றி இயக்கலாம். இவ்விஷயத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

போட்டி மொழிகளுக்கு இடையிலான வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025 மார்ச் மாதம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது. டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலரைக் கோ மொழிக்கு மாற்றி எழுதுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அறிவித்தவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். சி ஷார்ப் மொழியை வடிவமைத்தவரும் அவரே. தான் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று சி ஷார்ப் பயன்படுத்துவோர் கொதித்தனர். வேகம்தான் நோக்கம் என்றால் ரஸ்ட் இருக்கும்போது ஏன் கோ என்று மற்றொரு தரப்பினர் கேட்டனர். அந்தக் குழு கூறிய காரணங்களை நிதானமாகப் படித்தவர்களுக்கு அதில் மொழிப்பற்று எதுவும் தெரிந்திருக்காது. பழைய கம்பைலர் பெரும்பாலும் ஃபங்ஷன்களாலும் (ஒவ்வொரு வேலைக்குமான நிரல் துண்டுகள்) தரவு அமைப்புகளாலும் எழுதப்பட்டது. சி ஷார்ப் பெரிதும் சார்ந்திருக்கும் ‘கிளாஸ்’ எனும் வகுப்புகள் அதில் அதிகம் இல்லை. அதன் தரவு அமைப்புகள் ஒன்றையொன்று சுற்றிச் சுட்டிக்கொண்டிருப்பவை. நினைவகத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வோர் இடத்திலும் நிரூபிக்கச் சொல்லும் ரஸ்ட் மொழியில் அவற்றை எழுத, அடிப்படையிலிருந்தே மறுவடிவமைப்பு செய்தாக வேண்டும். கோ மொழியிலோ பழைய நிரலை ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் பெயர்த்துவிடலாம். பழைய நடத்தையும் மாறாது. சுமார் 15 இலட்சம் வரிகள் கொண்ட விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் கருவியின் நிரலைச் சரிபார்க்க முன்பு ஆன 77.8 நொடிகள் 7.5 நொடிகளாகக் குறைந்தன. ‘எது சிறந்த மொழி’ என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, ‘கையில் இருக்கும் இந்த நிரலின் வடிவத்துக்கு எது பொருந்துகிறது’ என்று கேட்ட அந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கோ மொழி தானே கிளப்பிவிட்ட வாதங்களும் உண்டு. ஒரே ஃபங்ஷனைப் பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுத உதவும் ஜெனரிக்ஸ் வசதி இல்லை என்ற குறையைப் பயனர்கள் மொழி வெளியான 2009ஆம் ஆண்டிலிருந்தே சொல்லி வந்தார்கள். 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பில்தான் அது தீர்ந்தது. பிழைகளைக் கையாளும் முறையோ இன்றுவரை தீராத வழக்கு. ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் பிழை வந்ததா என்று மூன்று வரிகளில் சோதித்தாக வேண்டும். இதைச் சுருக்க 2019இல் முன்மொழியப்பட்ட ‘டிரை’ என்ற வசதி பயனர்களின் கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2025 ஜூன் மாதத்தில், இதற்கெனத் தொடரமைப்பு மாற்றங்களை இனி முயல்வதில்லை என்று மொழிக் குழுவே அறிவித்துவிட்டது. அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். எழுதும்போது அலுப்புத் தட்டுவது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் சர்வர் முடங்கி, வேறொருவர் எழுதிய நிரலைத் தூக்கக் கலக்கத்தில் படிக்கும்போது, எந்த வரியில் பிழை பிறந்து எந்த வழியாக மேலே வருகிறது என்பது அந்த மூன்று வரிகளால்தான் எனக்குப் புலப்பட்டிருக்கிறது.

நான் மன்னிக்க விரும்பாத குறை வேறு. வெறுமையைக் குறிக்கும் ‘நில்’ இம்மொழியில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. பல வகை மதிப்புகளை ஏற்கும் ஓர் இன்டர்ஃபேஸ் மாறி, தனக்குள் வகையையும் மதிப்பையும் இணையாக வைத்திருக்கிறது. மதிப்பு வெறுமையாக இருந்தாலும் வகை நிரம்பியிருந்தால் அந்த மாறி வெறுமையானதாகக் கருதப்படுவதில்லை. பிழையும் இன்டர்ஃபேஸ் மாறியாகவே வருவதால், ‘பிழை இல்லை’ என்ற எண்ணத்தில் நம்முடைய சொந்தப் பிழை வகையின் வெறுமையான பாயின்டரை (நினைவக முகவரியைச் சுட்டும் மதிப்பை) திருப்பி அனுப்பினால், அழைத்தவர் பக்கத்தில் பிழை வந்துவிட்டதாகவே சோதனை சொல்லும். எளிமையைக் கொள்கையாகக் கொண்ட மொழியில் இப்படியொரு குழி இருப்பது வருத்தத்துக்குரியது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதில் விழுந்துதான் எழுகிறார்கள்.

இதே போன்ற மற்றொரு குழியில் நானே விழுந்திருக்கிறேன். வாடிக்கையாளர் பட்டியலை லூப்பில் எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கோரூட்டின் மூலம் அறிவிப்பு அனுப்பும் நிரலை எழுதினேன். சோதனைப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்ததால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. உண்மைப் பட்டியலில் ஓட்டியபோது, ஏறக்குறைய எல்லா அறிவிப்புகளும் பட்டியலின் கடைசி வாடிக்கையாளருக்கே போய்க் குவிந்தன. லூப்பின் மாறி ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக உருவாவதில்லை என்பதும், கோரூட்டின்கள் ஓடத் தொடங்குவதற்குள் அது கடைசி மதிப்புக்கு நகர்ந்துவிடுகிறது என்பதும் அன்று மாலை வரை எனக்குப் பிடிபடவில்லை. இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் நிரலில், 2020இல் இதே வகைப் பிழையால் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் சிக்கலுக்குள்ளாயின. 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பு இந்நடத்தையை மாற்றிவிட்டது. மாற்றிய விதமும் பாராட்டத்தக்கது: தன் மாட்யூல் கோப்பில் 1.22 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைக் குறிப்பிட்டுள்ள நிரலுக்கே புதிய விதி பொருந்தும். பழைய நிரல்கள் பழையபடியே ஓடும். 2012இல் முதல் பதிப்பு வெளியானபோது கொடுத்த ஒத்திசைவு வாக்குறுதியை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றுவதால்தான், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் நான் தயக்கமின்றி மாறுகிறேன்.

வேகத்தைப் பற்றிய வாதங்களில் அரட்டைச் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட அனுபவம் அடிக்கடி மேற்கோளாகிறது. இலட்சக்கணக்கான பதிவுகளை நினைவகத்தில் வைத்திருந்த, கோ மொழியில் எழுதப்பட்ட அவர்களது சேவையொன்றில், பயன்படாத நினைவகத்தைத் தானாகவே விடுவிக்கும், குறைந்தது இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை நடந்தே தீரும் கார்பேஜ் கலெக்‌ஷனால் மறுமொழி நேரம் திடீர் திடீரென்று உயர்ந்தது. ரஸ்டுக்கு மாற்றியதும் அது சீரானது. அந்த வகைச் சேவைக்கு ரஸ்டே சரியான தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு கோரிக்கையை வாங்கி, டேட்டாபேஸைக் கேட்டு, விடையைத் திருப்பி அனுப்பும் சேவைகளில் அத்தகைய ஏற்ற இறக்கத்தை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

ஆட்கள் வந்து போகும் நடுத்தரக் குழுவுக்கும், பல ஆண்டுகள் பராமரிக்க வேண்டிய நெட்வொர்க் சேவைக்கும் கோ மொழியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தரவுப் பகுப்பாய்வுக்கோ இயந்திரக் கற்றலுக்கோ பைத்தானை விட்டு இதற்கு வர வேண்டாம். தேவையான நூலகங்கள் அங்கேதான் இருக்கின்றன. தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்துவிடுவது நல்லது. இணையாக ஓடும் இரண்டு வேலைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றுவதை ரஸ்ட் கம்பைல் நிலையிலேயே தடுத்துவிடும், கோ தடுக்காது. ஆகவே ‘ரேஸ்’ என்ற சோதனைத் தேர்வை இயக்கிவிட்டுத்தான் உங்கள் சோதனைகள் அனைத்தையும் ஓட்ட வேண்டும். அதனால் ஓட்டம் மந்தமாகும், நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். இருந்தாலும் அதை அணைத்துவைக்காதீர்கள்.