அக்காவின் கர்ப்பப்பை ஆபரேஷன்: ஊரில் பார்த்ததும் கேட்டதும்

இந்தத் தடவை ஊருக்குப் போனது அக்காவின் ஆபரேஷனுக்காக. அக்காவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து லேசாக ரத்தம் பட்டது. தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் காட்டிவிட்டாள், புண்ணியவதி. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தமும் பட்டு, சவ்வும் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்ஸி எடுக்காமல் விட மாட்டார்கள். எடுத்தார்கள்: எண்டோமெட்ரியாய்டு, அதாவது உள்சவ்வில் வழக்கமாக வரும் வகைப் புற்றுநோய்; கிரேடு 1, வேகம் குறைந்தது. எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் கட்டி கர்ப்பப்பையின் தசைச் சுவரில் பாதி ஆழத்தைத் தாண்டவில்லை. நான் விமானம் ஏறுவதற்குள் இவ்வளவும் முடிந்திருந்தது. நான் இருக்கும் நாட்டில் எம்.ஆர்.ஐ.க்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. வேகத்தில் ஊரைக் குறை சொல்ல முடியாது.

விஷயம் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "ரோபோ வைத்துத்தானே செய்கிறார்கள்?" விளம்பரங்களின் வேலை. சர்ஜன் அதைச் சட்டென்று முடித்துவிட்டார். "ரோபோவும் லேப்ராஸ்கோப்பிதாம்மா, வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்வது. கருவியை நான் நேராகப் பிடிக்கிறேனா, பக்கத்தில் உட்கார்ந்து இயந்திரக் கையை ஆட்டுகிறேனா, அவ்வளவுதான்." உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கு ரோபோ கைகொடுக்கும், அக்காவுக்கு அது வேண்டியதில்லை என்றார். எனக்கு அந்தப் பதிலிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

வயிற்றைத் திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா என்பது பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்காவில் 2,616 பெண்களை வைத்து நடந்த லேப்-2 ஆய்வில் இரண்டு முறையிலும் ஐந்து வருஷ உயிர்வாழ்வு ஏறக்குறைய 90 சதவீதம். துளை போட்டவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஆனால் அதே ஆய்வில் நான்கில் ஒருவருக்கு லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. அது பழைய காலத்துக் கணக்கு, இன்றைக்கு நல்ல கைகளில் அவ்வளவு வராது. அதனால்தான் சர்ஜனிடம் "உங்களிடம் எத்தனை பேருக்கு அப்படித் திறக்க வேண்டி வருகிறது?" என்று கேட்டோம். கோபப்படாமல் பதில் சொன்னார். கோபப்படுகிற சர்ஜனாக இருந்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம்.

நடுவில் ஒரு சித்தப்பா வாட்ஸாப்பில் குண்டு போட்டார்: துளை போட்டுச் செய்தால் புற்றுநோய் திரும்ப வருமாம். அவர் அனுப்பிய செய்தி பொய் இல்லை, ஆனால் இடம் வேறு. 2018-இல் வந்த அந்த முடிவு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கானது. அங்கே திறந்த ஆபரேஷன்தான் மேல் என்று தெரிந்தது. உள்சவ்வுப் புற்றுநோய்க்கு 760 பெண்களை வைத்து நடந்த லேஸ் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. நாலரை வருஷம் கழித்தும் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை. சித்தப்பாவைச் சமாதானம் செய்யத்தான் ஆபரேஷனைவிட அதிக நேரம் ஆயிற்று. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: கர்ப்பப்பையை உள்ளே துண்டு போடக் கூடாது. முழுசாக, பிறப்புறுப்பு வழியாகவே வெளியே எடுக்க வேண்டும். அப்படி வராத அளவுக்குப் பெரிதாக இருந்தால் பைக்குள் போட்டு எடுப்பார்கள், இல்லையென்றால் வயிற்றைத் திறப்பார்கள்.

கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு கருக்குழாய், இரண்டு சினைப்பை எல்லாம் சேர்த்து எடுத்தார்கள். வயது குறைந்த, மாதவிடாய் நிற்காத பெண்களுக்குக் கிரேடு குறைவாக இருந்தால் சினைப்பையை விட்டுவைப்பது பற்றி யோசிப்பார்களாம். அக்காவுக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

நான் வாய் பிளந்து பார்த்தது பச்சைச் சாயத்தை. ஆபரேஷன் பதிவை சர்ஜன் மறுநாள் தன் அறையில் போட்டுக் காட்டினார். மயக்கம் கொடுத்த பிறகு, கர்ப்பப்பை வாயில் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ஊசியால் ஏற்றுகிறார்கள். அது நிணநீர்க் குழாய் வழியாக ஓடி முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவில் தங்குகிறது. புற்றுநோய் பரவினாலும் முதலில் எட்டுவது அதைத்தான் என்பதால் அதற்குக் காவல் கணு என்று பெயர். சாதாரண வெளிச்சத்தில் மஞ்சள் கொழுப்புதான் தெரிகிறது, எது கணு, எது கொழுப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. கேமராவை அகச்சிவப்புக்கு மாற்றியதும் திரை இருண்டு, இடுப்பு ரத்தக்குழாயின் ஓரமாக ஒரு பச்சைக் கோடு, அதன் நுனியில் மொச்சை அளவில் ஒரு பச்சைப் புள்ளி. இடது பக்கம் உடனே தெரிந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. திரும்பச் சாயம் ஏற்றிக் காத்திருந்த பிறகுதான் கோடு எழுந்தது. எழாமலே போயிருந்தால் அந்தப் பக்கத்துக் கணுக்களை மொத்தமாக எடுப்பதுதான் முறை. ஃபயர்ஸ் என்ற ஆய்விலும் இரண்டு பக்கமும் சாயம் ஏறியது பாதிப் பேருக்குத்தான். ஆனால் சாயம் கணுவைக் காட்டியவர்களில், பரவல் இருந்தால் 97 சதவீதம் பேரிடம் அதைப் பிடித்துவிட்டது.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் முன்பு நடந்ததைக் கேட்க வேண்டும். இடுப்பில் இருக்கும் கணுக்களை வழித்து எடுத்துவிடுவார்கள். அதனால் சிலருக்குக் கால் வீங்கி, ஆயுசுக்கும் இறுக்கமான காலுறை போட வேண்டி வரும். ஆரம்ப நிலையில் இப்படி எல்லோருக்கும் வழித்தெடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 2009-இல் அஸ்டெக் ஆய்வு சொன்னது. ஆக, ரோபோ இருக்கிறதா என்று கேட்பதைவிட, "சாயம் போட்டுக் காவல் கணுவைப் பார்ப்பீர்களா? ஒரு பக்கம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

வார்டில் கவனிப்பு நன்றாகவே இருந்தது. அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். அக்காவுக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. "ஏண்டி, வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தோளில் என்ன செய்தார்கள்?" என்றாள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்ஸைடின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, தானே போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் ஊசியை வீட்டில் எப்படிப் போடுவது என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

குறை பிறகுதான் வந்தது. எடுத்த உறுப்புகளைச் சோதித்த பத்தாலஜி அறிக்கை ஒரே பக்கம். கிரேடு, ஆழம், கணுக்களில் புற்றுநோய் இல்லை, அவ்வளவுதான். காவல் கணுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சிறப்புச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தார்களா என்று ஒரு வரி இல்லை. புற்றுநோயின் மூலக்கூறு வகையைக் காட்டும் பி53, எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள்) சோதனைகளும் இல்லை. சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபீகோ 2023-இல் திருத்திய நிலைப்படுத்தல் (நோய் எந்த நிலை என்று வகுக்கும் முறை) இந்த மூலக்கூறு விவரங்களையும் சேர்த்துத்தான் பார்க்கச் சொல்கிறது. எம்.எம்.ஆர். கோளாறு இருந்தால் குடும்பத்தில் லின்ச் நோய்க்குறி (பரம்பரையாக வரும் புற்றுநோய் வாய்ப்பு) ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்; அப்படி ஓடினால் குடல் புற்றுநோய்க்கான சோதனை எனக்கும் தேவைப்படும். கவுண்டரில் கேட்டால் லேப் என்றார்கள், லேபில் கேட்டால் டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றார்கள், டாக்டர் தியேட்டரில் இருந்தார். இவ்வளவு நேர்த்தியாக ஆபரேஷன் செய்த இடத்தில் ஒரு சீட்டுக்காக மாடிப்படி ஏறி இறங்கியது எரிச்சலாகத்தான் இருந்தது. கடைசியில் சர்ஜனே எழுதிக் கொடுத்தார். அதே பிளாக்கிலிருந்து (மெழுகில் பதித்து வைத்திருந்த திசு) சோதனை செய்து அறிக்கை வந்தது: பி53 இயல்பு, எம்.எம்.ஆர். இயல்பு, கணுச் சீவல்களிலும் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு கதிர்வீச்சு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆழமோ கிரேடோ கூடியிருந்தால் பிறப்புறுப்பின் மேல் நுனிக்கு மட்டும் உள்கதிர்வீச்சு கொடுத்திருப்பார்களாம். டிஸ்சார்ஜ் தாளில் எழுதாத ஒன்றை நான் கேட்டு வாங்கினேன்: உள்தையல் ஆறும்வரை கனம் தூக்கக் கூடாது, உடலுறவும் கூடாது, திடீரென்று ரத்தமோ நீரோ கொட்டினால் காத்திருக்காமல் வர வேண்டும். அக்காவிடம் இதைச் சொல்ல டாக்டருக்குக் கூச்சமோ என்னவோ, அவளே கேட்டிருக்கவும் மாட்டாள். முதல் சில வருஷம் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை; அறிகுறி இல்லாமல் ஸ்கேன் மேல் ஸ்கேன் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த தேதியை என் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.