சிபிலில் நிற்கும் பழைய வாராக்கடன்: கட்டுவதா, செட்டில் செய்வதா, டிஸ்ப்யூட் போடுவதா, காத்திருப்பதா?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த பிறகுதான் பலருக்கும், எப்போதோ கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கி இன்னும் தன் பெயரில் நிற்பது தெரியவருகிறது. உடனே ஆளுக்கொரு யோசனை வரும். "செட்டில்மென்ட் பண்ணிடுங்க." "டிஸ்ப்யூட் போட்டா எடுத்துடுவாங்க." "ஏழு வருஷம் ஆச்சுன்னா தானா போயிடும்." "எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் இருக்காரு, பதினஞ்சே நாள்ல க்ளீன் பண்ணிக் கொடுத்துடுவாரு."

இந்த யோசனைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பதிவு உண்மையா, தவறா? தவறான பதிவை முழுவதுமாக நீக்க வைக்கலாம், காசே செலவில்லாமல். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. அதன் நிலையை மாற்றலாம், அவ்வளவுதான். சிபில் தானாக எதையும் எழுதுவதில்லை. கடன் கொடுத்த வங்கி அனுப்புவதைப் பதிவு செய்கிறது. வங்கி ஒப்புக்கொள்ளாமல் ஒரு எழுத்தைக்கூட மாற்றுவதில்லை.

ஆகவே முதல் வேலை, அறிக்கையை எடுத்துப் படிப்பது. 'சிபில்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள், அதாவது கிரெடிட் பீரோக்கள், நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 முதல் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வாங்கியவர்கள் ஹை மார்க் அறிக்கையைக் கட்டாயம் பாருங்கள். அந்த நிறுவனம் வளர்ந்ததே மைக்ரோ ஃபைனான்ஸ் தரவுகளை வைத்துத்தான்.

பதிவு தவறு என்றால்: பீரோவா, வங்கியா, ஆம்பட்ஸ்மேனா?

தவறுகள் நாம் நினைப்பதைவிடச் சாதாரணமானவை. நம் ஊரில் தலைப்பெழுத்து ஒரு பெரிய சிக்கல். ஒரு ஆவணத்தில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் சுப்பையா, பான் கார்டில் சுப்பையா முருகன். இதனால் வேறொருவருடைய கடன் உங்கள் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். கட்டி முடித்த கடன் பாக்கி என்றே நிற்கலாம். வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்ட கடன், விற்றவர் பெயரிலும் வாங்கியவர் பெயரிலும் இரண்டு முறை வரலாம்.

பீரோவின் இணையதளத்தில் டிஸ்ப்யூட், அதாவது 'இந்தப் பதிவு தவறு' என்ற ஆட்சேபம், போடுவது எளிது, இலவசம். ஆனால் அதில் விளக்கம் சொல்லவும் ஆதாரம் காட்டவும் இடம் குறைவு. பீரோ அதை வங்கிக்கு அனுப்பும். வங்கியில் யாரோ பழைய கணினிப் பதிவைப் பார்த்துவிட்டு 'சரியாகத்தான் இருக்கிறது' என்று திருப்பி அனுப்பினால் கதை முடிந்தது. நேராக வங்கியின் நோடல் அதிகாரிக்கு (புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) எழுதினால், ரசீது, என்ஓசி (பாக்கி இல்லை என்ற கடிதம்), வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் இணைக்கலாம். என் பார்வையில் இதுதான் பலமான வழி. ஆனால் ஒன்றை விட்டு ஒன்று வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் செய்யுங்கள்.

காரணம், கடிகாரம். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி திருத்தக் கோரிக்கையை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். முன்பு இதை மீறினாலும் கேட்க ஆளில்லை. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விலை வைத்தது: 30 நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வங்கி தன் பதிலை 21 நாளுக்குள் பீரோவுக்கு அனுப்பாவிட்டால் வங்கி தர வேண்டும். வங்கி அனுப்பியும் பீரோ முடிக்காவிட்டால் பீரோ தர வேண்டும். கோரிக்கையை மறுத்தால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடுத்த கட்டத்துக்கு அதுதான் ஆயுதம்.

அடுத்த கட்டம் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். 2022 செப்டம்பர் முதல் பீரோக்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் வங்கியிடமோ பீரோவிடமோ முறையிட்டு, பதில் வராமல் 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தியற்றதாக இருக்க வேண்டும். நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பிடி இருக்கிறது. 2022இல் வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, ஆக்டிவேட் செய்யாத புதுக் கார்டைப் பற்றி பீரோவுக்குத் தகவலே அனுப்பக் கூடாது. தவணை தவறியவர் என்று அறிவிக்கும் முன் கார்டுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்காமலே வந்த கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறி ஏறி, கடைசியில் வாராக்கடனாகிப் போனவர்கள் இதை எழுதிக் கேட்க வேண்டும். விதிக்கு முந்தைய பழைய பதிவுக்கு இது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், கார்டைக் கேட்கவே இல்லை, பயன்படுத்தவே இல்லை என்ற வாதம் எப்போதும் செல்லும்.

பதிவு உண்மை என்றால்: முழுசாகக் கட்டுவதா, செட்டில்மென்டா?

பலர் ஏமாறுவது இங்கேதான். ரெக்கவரியிலிருந்து போன் வரும்: "சார், பாக்கி 1,15,000 காட்டுது. 30,000 கட்டுங்க, முடிச்சுடலாம்." முடியும் என்பது உண்மை. ஆனால் எப்படி முடியும் என்பதை அந்தப் போனில் யாரும் சொல்வதில்லை. குறைத்துக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும். அடுத்துக் கடன் கொடுக்கப்போகிறவர் அதை 'இவர் முழுசாகக் கட்டவில்லை' என்றுதான் படிப்பார். முழுசாகக் கட்டினால் 'க்ளோஸ்டு'. வங்கி ஏற்கெனவே ரைட் ஆஃப் செய்திருந்தால், ரைட் ஆஃபுக்குப் பின் கட்டி முடிக்கப்பட்டது என்று வரும். ரைட் ஆஃப் என்றால் தள்ளுபடி என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் மாற்றம் மட்டுமே. கடன் அப்படியே இருக்கிறது, வசூலிக்கும் உரிமையும் இருக்கிறது. அறிக்கையில் இருக்கக்கூடியவற்றில் மோசமானது, பாக்கித் தொகையோடு நிற்கும் இந்த ரைட் ஆஃப்தான்.

செட்டில்மென்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, சமரசம் செய்து முடித்த கடனாளிக்குப் புதுக் கடன் கொடுக்கும் முன், விவசாயக் கடன் தவிர மற்றவற்றில் குறைந்தது 12 மாதம் இடைவெளி விட வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் முழுசாகவே கட்ட வேண்டுமா? இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்குள் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்து, கையில் பணமும் இருந்தால் முழுசாகக் கட்டுங்கள். அதற்கு முன் ஒரு பேரம் பேசிப் பாருங்கள்: அசலைக் கட்டுகிறேன், ஏறிப்போன அபராதத்தையும் கட்டணங்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு 'க்ளோஸ்டு' என்று அனுப்புங்கள் என்று. கட்டணமே சர்ச்சைக்குரியது என்றால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். மாறாக, வேலை போய், நாலு இடத்தில் கடன் நின்று, குடும்பச் செலவுக்கே திண்டாடுகிறவர் செட்டில்மென்டை எடுத்துக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. அறிக்கை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்கியோ, இருக்கிற நகையை அடகு வைத்தோ பழைய கார்டு பாக்கியைக் கட்டாதீர்கள். பிறகு வசதி வரும்போது, விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டி 'செட்டில்டு' என்பதை 'க்ளோஸ்டு' ஆக்கும்படி வங்கியைக் கேட்கலாம். அந்தக் கதவு மூடிவிடுவதில்லை.

எந்த வழியானாலும் பணம் கட்டும் முன் வங்கியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வேண்டும். அதில் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, பீரோவுக்கு என்ன நிலை அனுப்பப்படும் என்ற வரி, நான்கும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி கடிதம் ஆகாது. பணம் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். கடன் ஏஆர்சிக்கு (வங்கிகளின் வாராக்கடன்களை வாங்கும் நிறுவனம்) விற்கப்பட்டிருந்தால் கடிதம் தர வேண்டியது ஏஆர்சி. பழைய வங்கியின் பதிவில் பாக்கி இன்னும் காட்டினால் அதையும் திருத்தச் சொல்லுங்கள். கட்டியதும் நோ டியூ சான்றிதழ் வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் இரண்டு முறையாவது பீரோவுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். கார்டு என்றால் 30 நாளுக்குள் நிலையைப் புதுப்பிக்க வேண்டும். ஒன்றரை மாதம் கழித்தும் மாறாவிட்டால், இப்போது அது தவறான பதிவு. மேலே சொன்ன டிஸ்ப்யூட் வழி உங்களுக்குத் திறந்துவிட்டது.

முழுசாகக் கட்டினாலும் பழைய தாமதம் அழியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஸ்டேட் வங்கி அதிகாரி வேலைக்குத் தேர்வானவரின் நியமனம் அவருடைய கடன் வரலாற்றைக் காட்டி ரத்து செய்யப்பட்டிருந்தது. கடனையெல்லாம் கட்டிவிட்டேன் என்று அவர் வாதிட்டும் நீதிமன்றம் வங்கியின் முடிவில் தலையிடவில்லை. வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் கல்விக் கடனில் ஒரு தவணையைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது. அந்தக் கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், தாமதம் அவர்கள் அறிக்கையிலும் விழும்.

காத்திருந்தால் தானாகப் போய்விடுமா?

ஏழு வருடக் கணக்கு நம்மிடம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. அமெரிக்காவில் பெரும்பாலான பாதகப் பதிவுகளுக்கு ஏழு ஆண்டு என்பது மேல் வரம்பு. பிரிட்டனில் ஆறு ஆண்டில் நீங்கிவிடும். இந்தியாவிலோ பீரோக்கள் தகவலைக் 'குறைந்தது' ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. அதற்கு மேல் வைத்திருக்கத் தடையில்லை. பாக்கி நிற்கும் கடனை வங்கி மாதாமாதம் அனுப்பிக்கொண்டே இருந்தால் அது பழசாவதே இல்லை.

காத்திருப்பது யாருக்கு உதவும்? கட்டி முடித்து, பழைய தாமதம் மட்டும் அறிக்கையில் தெரிகிறவர்களுக்கு. சிபில் அறிக்கை ஒரு கணக்கின் கடைசி 36 மாதத் தவணை வரலாற்றைத்தான் காட்டும். அதன் மேல் ஒழுங்காகக் கட்டிய புதுக் கணக்கு ஒன்று சேரச் சேரப் பழையதன் பாரம் குறையும். சாதாரணக் கார்டு கிடைக்காதவர்கள் ஃபிக்ஸட் டெபாசிட் வைத்து அதன் பேரில் ஒரு கார்டு வாங்கலாம்.

கால வரம்புச் சட்டத்தையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். ஈடில்லாத கடனுக்கு 3 ஆண்டு தாண்டினால் பொதுவாக வழக்குப் போட முடியாது. ஆனால் பதிவு அப்படியே இருக்கும். அந்த 3 ஆண்டுக்குள் ஐந்நூறு ரூபாய் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அது தாண்டிய பிறகும் 'கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தமாகிவிடும். ஆகவே "சும்மா ஒரு ஆயிரம் கட்டுங்க, பாத்துக்கலாம்" என்று ரெக்கவரிக்காரர் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள்.

ஏஜென்ட்

இவர்கள் போடுவதும் நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே டிஸ்ப்யூட்தான். உண்மையான பதிவை நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சிலர் எல்லாக் கணக்கையும் 'என்னுடையது இல்லை' என்று பொய்யாக டிஸ்ப்யூட் போடுவார்கள். பதில் வரும்வரை அறிக்கையில் அந்தக் குறிப்பு நிற்கும், அதையே காட்டிப் பணம் கேட்பார்கள், பிறகு பதிவு அப்படியே திரும்பி வந்து நிற்கும். உங்கள் பான் எண், ஆதார், ஓடிபி எல்லாம் அவர்கள் கையில். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், பீரோ கணக்கின் பாஸ்வேர்டையும் அதில் பதிந்த கைபேசி எண்ணையும் இன்றே சரிபாருங்கள். அறிக்கையில் 'என்கொயரி' பகுதியில் நீங்கள் கேட்காத கடன் விண்ணப்பம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, சைபர் குற்ற உதவி எண் 1930ஐ உடனே அழையுங்கள்.